வெண்ணிற ஆடையும் வெண்கலக் குரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





எமது மட்டக்களப்பு நாட்டை 'மீன் பாடும் தேனாடு' என்று அழைக்கின்றோம். பூரணை நிலவிலே கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்தால், வாவியின் அடியிலிருந்து இன்னொலி எழும் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். பாடுவது மீனா, ஊரியா என்று ஆராய்ந்தோரும் உளர். எதுவாயினும் ஆகுக. நீருள் வாழும் உயிரும் பாடும் என்று பெருமை பேசும் நாட்டிலே பிறந்த நாம், பாட்டையே உயிராகக் கொண்டு வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இன்று உங்கள் முன் சில வார்த்தை பேச விரும்புகின்றோம். அவர்தாம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

இந்த விடயத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் பயின்றது மிசனரிமார் நிறுவிய ஒரு பாடசாலையிலே. ஒருநாள் ஆசிரியர் ஒருவர் மேல்நாட்டு இசை நாடகமாகிய ஒப்பராவின் இறுவட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் உச்சத்தாயியிலே பாடத் தொடங்கியதும் வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியர் கோபிக்கவில்லை. "இந்த அம்மாளுக்கு முன்னால் ஒலிவாங்கி இல்லை, வாத்தியக் குழு முழுவதையும் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவன் காதில் விழும்படி பாடுகிறார். உங்களில் யாராவது அப்படிப் பாடுங்கள் பார்ப்போம்" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

பின்னர் அவர் பெல்ஜியம் நாட்டின் கதையைச் சொன்னார். 1830ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் இரவு பிரசல்ஸ் நகரத்து மொனே அரங்கிலே ஓர் ஒப்பரா நடந்தது. நேப்பிள்ஸ் நகரத்து மீனவன் ஒருவன் அந்நியர் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த கதை அது. தாய்நாட்டின் மீதுள்ள அன்பைப் பற்றிய பாட்டு வந்ததும் சபையோர் கொதித்தெழுந்தனர், தெருவிலே இறங்கினர். அந்தக் கிளர்ச்சியின் முடிவிலே பெல்ஜியம் தனி நாடாயிற்று. அந்த நாடகத்தின் கதாநாயகி, மீனவனின் தங்கை, ஓர் ஊமைப் பெண். அவளைச் சுற்றியுள்ளோர் எல்லாரும் பாடுவர். அவள் மாத்திரம் வாய் திறவாள். அந்த ஊமைப் பெண்ணை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் அவளிடம் மீண்டும் வருவோம்.

கதையை முடித்த ஆசிரியர், "உங்கள் இனத்தில் இப்படிப் பாடி நடிப்போர் இல்லையா?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை வீட்டிலே அம்மம்மாவிடம் கேட்டோம். "என்ன மனே, சுந்தராம்பாளைத் தெரியாதா உனக்கு?" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று தொடங்கிய தேடல் இன்று இந்த மேடைவரை எம்மைக் கொண்டுவந்து விட்டது.

காவிரிக் கரையிலே, ஈரோட்டுக்கு அண்மையில் உள்ளது கொடுமுடி என்னும் சிவத்தலம். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய தலம் அது. அங்கே 1908ஆம் ஆண்டிலே சுந்தராம்பாள் பிறந்தார். தாயாரின் பெயர் பாலாம்பாள். ஊரின் பெயரையும் தாயின் பெயரையும் தம் பெயருக்கு முன்னே தாங்கியே அவர் கே. பி. சுந்தராம்பாள் ஆனார். வீட்டிலே வறுமை. பள்ளிப் படிப்புக்கு வழியில்லை. தம்பியையும் தங்கையையும் பார்க்க வேண்டிய பொறுப்பும் இளமையிலேயே சேர்ந்தது. அவரிடம் இருந்த ஒரே செல்வம் குரல். அதைக் கொண்டு புகைவண்டியிலே பாடிக் கிடைத்த காசில் சிறுமி பிழைத்தாள்.

அன்பர்களே, மட்டக்களப்புக்குச் செல்லும் புகைவண்டியிலே நாம் எல்லோரும் பயணம் செய்திருக்கின்றோம். பெட்டிக்குப் பெட்டி ஏறிப் பாடிவரும் எளியவர்களைக் கண்டிருக்கின்றோம். சில்லறையை அவர் கையிலே வைத்துவிட்டு, ஓட்டமாவடிப் பாலத்தையும் வாவியையும் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக் கொள்கின்றோம். அன்றைக்குத் தென்னிந்தியப் புகைவண்டியிலும் அவ்வாறு முகத்தைத் திருப்பியவர் பலர் இருந்திருப்பர். திருப்பாத ஒருவர் இருந்தார். அவர் எவ்.ஜி. நடேச ஐயர், திருச்சிராப்பள்ளியிலே புகையிரதப் பகுதி உத்தியோகத்தர், நாடகப் பித்தும் உள்ளவர். சிறுமியின் குரலைக் கேட்டு வியந்து அவளை நாடக உலகிற்கு வழிப்படுத்தினார் என்பர். வேலு நாயரின் நாடகக் குழுவிலே சுந்தராம்பாள் சேர்ந்தார்.

முதலில் கிடைத்தவை பிள்ளை வேடங்களே. நல்லதங்காள் நாடகத்திலே பசியால் வாடும் பிள்ளையாக வந்து பாடுவார். அப்பாட்டைக் கேட்டுச் சபையோர் கண்ணீர் விட்டனர் என்று எழுதி வைத்திருக்கின்றனர். அதில் வியப்பு ஒன்றும் இல்லை. பசியைப் பற்றிப் பாட அந்தப் பிள்ளைக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கால நாடக மேடையைப் பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதித் தமிழ் இசை நாடகத்திற்கு அடித்தளம் இட்டிருந்தார். இரவு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். மேடையின் ஒரு பக்கத்திலே ஆர்மோனியமும் மிருதங்கமும். ஒலிபெருக்கி இல்லை. நடிகர் பாட்டினாலேயே அறிமுகமாவார், பாட்டினாலேயே வாதாடுவார், பாட்டினாலேயே அழுவார். வள்ளி திருமணத்திலே வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் வந்தால், எழுதிவைத்த வசனத்தோடு நில்லாமல் அவரவர் வல்லமைக்கு ஏற்பப் பாடி மடக்குவர். குரலிலே வலிமையும் மனத்திலே விரைவும் இல்லாதவர் அந்த மேடையிலே ஒரு நாழிகையும் நிற்க இயலாது. மேல்நாட்டார் ஒப்பரா என்று போற்றும் கலைக்கு நேரான கலை எம்மவரிடமும் இருந்தது. அது தகரக் கொட்டகையிலே நடந்தமையால் நாம் அதன் பெருமையை மறந்துவிட்டோம்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இரு கரையிலும் புகைவண்டியும் இணைந்து ஓடின. தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் இலங்கைக்கு வந்துபோவது எளிதாயிற்று. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையிலே பாடிப் புகழ் பெற்றார். அவருடைய வாழ்வைத் திருப்பிய சந்திப்பும் எமது கொழும்பிலேதான் நிகழ்ந்தது. 1926ஆம் ஆண்டிலே, வள்ளி திருமணத்தில், செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் மேடையேறினர்.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு பிறந்தவர். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் முதலிய நாடகங்களிலே பாடி, சங்கீத வித்துவான்களும் தலையசைக்கும் பெயரைப் பெற்றிருந்தார். அவருடைய குரல் உயர்ந்த சுருதியிலே தடையின்றி உலவும். அவருக்கு எதிர்நின்று பாட எவரால் முடியும் என்று உலகம் எண்ணியிருந்தது. எதிர்நின்றவர் கொடுமுடியிலிருந்து வந்த ஏழைப் பெண். மேடையிலே தொடங்கிய போட்டி வாழ்க்கையிலே அன்பாக மாறிற்று. 1927ஆம் ஆண்டிலே இருவரும் மணந்துகொண்டனர்.

அந்த அன்பு முழுவதும் இன்பமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். சாதி வேறு. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவும் பிணக்கும் வந்தன. கிட்டப்பா மதுவுக்கு ஆட்பட்டார், உடல் நலிந்தார். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்திலே வெளிவந்தன. படித்தோர், புகழின் உச்சியிலே நின்ற ஒரு பெண்ணின் தனிமையை அவற்றிலே கண்டனர். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று அவர் வெண்ணிற ஆடை உடுத்தார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆறு ஆண்டு மணவாழ்வுக்காக ஏறக்குறைய நாற்பத்தேழு ஆண்டுகள் அந்த உறுதியைக் காத்தார். இது எல்லாப் பெண்களும் பின்பற்ற வேண்டிய நெறி என்று நாம் கூற வரவில்லை. கைம்மையை அவர்மீது ஊர் சுமத்தியது ஒரு பங்கு. அவர் தாமே அதனை ஏற்று விரதமாக்கியது மறுபங்கு. எமக்கு வியப்பாயிருப்பது வேறொன்று. துயரத்தோடு குரலையும் புதைத்துவிடாமல், அந்தத் துயரத்தைக் கொண்டே மேலும் உயரப் பாடினாரே, அதுதான்.

1935ஆம் ஆண்டில் 'பக்த நந்தனார்' படம் வந்தது. எந்த ஆடவருக்கும் இணையாக நடிக்க மாட்டேன் என்றவர், நந்தனாராகத் தாமே ஆண் வேடம் தாங்கினார். தில்லைக்குப் போக ஏங்கிய அடியவரின் வேடத்தை ஒரு பெண் தாங்க, வேதியர் வேடத்தைச் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் தாங்கினார். அதற்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. அக்காலத்திலே அது எவரும் கேட்டிராத தொகை. புகைவண்டியிலே காசுக்குப் பாடிய சிறுமியை ஒருகணம் நினைத்துப் பாருங்கள்!

அவருடைய குரல் கோயிலோடும் கொட்டகையோடும் நின்றுவிடவில்லை. இந்திய விடுதலைப் போராட்ட காலத்திலே காங்கிரஸ் மேடைகளிலே தேசியப் பாடல்களைப் பாடினார். தீரர் சத்தியமூர்த்தி அவரை அந்தப் பணிக்கு அழைத்தவர்களுள் முதன்மையானவர். எழுத்தறியாத மக்களிடம் நூறு பேச்சு செய்ய முடியாததை ஒரு பாட்டுச் செய்தது. பிரசல்ஸ் நகரத்து அரங்கிலே நடந்தது தமிழ்நாட்டுத் திடல்களிலும் வேறொரு வகையிலே நடந்தது என்று நாம் கருதுகின்றோம். 1951ஆம் ஆண்டிலே சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவிலே திரைத் துறையிலிருந்து சட்ட மன்றம் ஒன்றினுள் சென்ற முதல் கலைஞர் இவரே என்பர்.

1940இல் 'மணிமேகலை'. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. இளமையையும் அழகையும் கொடுத்துவிட்டு முதுமையைக் கேட்டுப் பெற்ற ஔவையாரின் வேடம் அவருக்கு அளவெடுத்துத் தைத்த ஆடைபோல் அமைந்தது. இன்று தமிழ்ப் பிள்ளைகளிடம் ஔவையாரின் படத்தை வரையச் சொன்னால், அவர்கள் வரைவது பெரும்பாலும் சுந்தராம்பாளின் முகத்தையே.

1964இல் 'பூம்புகார்'. கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய அப்படத்திலே கவுந்தியடிகளாக நடித்தார். பாடல் ஒன்றிலே தெய்வத்தை ஐயுறுவது போன்ற ஓர் அடி வந்ததாம். முருக பக்தையான அவர் அதனைப் பாட மறுத்தார்; எழுதியவர் அவருக்காக அந்த அடியை மாற்றிக் கொடுத்தார் என்று கூறுவர். கடவுளை நம்பாத ஒருவரும் நம்பிய ஒருவரும் ஒருவரையொருவர் மதித்து ஒரே படத்திலே பணியாற்றினர். இரு சமயத்தவர் ஒரே பாலத்தையும் ஒரே சந்தையையும் பகிர்ந்து வாழும் எமது ஓட்டமாவடிப் பக்கத்தாருக்கு அந்தப் பண்பைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, மறவாதிருந்தாற் போதும்.

1965இல் 'திருவிளையாடல்' படத்திலே மீண்டும் ஔவையாராக வந்து, கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைப் பாட்டினாலே தேற்றினார். இன்றும் எமது கோயில் திருவிழாக்களிலே விடியற்காலையில் ஒலிபெருக்கி வாய் திறந்தால் முதலில் எழும் குரல்களுள் அவருடையதும் ஒன்று. 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படத்திற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ விருது, தமிழிசைச் சங்கத்தின் 'இசைப் பேரறிஞர்' பட்டம் எனச் சிறப்புகள் வந்தடைந்தன. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அன்பர்களே, இதுவரை பிறர் கதையைச் சொன்னோம். இனி எமது கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

சில காலத்தின் முன் ஒரு விழாவிற்காக வள்ளி திருமணத்தின் ஒரு பகுதியை மேடையேற்ற நண்பர்கள் சிலர் எண்ணினோம். வள்ளியாகப் பாட ஒரு தங்கச்சி முன்வந்தாள். நல்ல குரல், முறையாகச் சங்கீதம் பயின்றவள். ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. பின்னர், "குமர்ப்பிள்ளை ஒருத்தி ஆம்பிளைப் பிள்ளைகளோடு மேடையில் நின்று பாடுவதா?" என்று பேச்சு எழுந்தது. எழுப்பியவர் யார் என்று எமக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் எமக்கு அவர்மீது கோபம் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரை நிகழ்ச்சிநிரலிலிருந்து பேனாவால் வெட்டியவர்கள் நாமே. ஒருவரிடமும் போய்ப் பேசவில்லை. ஒரு காரணமும் கேட்கவில்லை. மீசையை மழித்துச் சேலை உடுத்த நண்பர் ஒருவர் வள்ளியாக வந்தார். சபையோர் சிரித்து மகிழ்ந்தனர். அவர் வேடம் போட்டுக்கொண்டிருந்த வேளையிலே, வெளியே ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? கே. பி. சுந்தராம்பாள். அந்தத் தங்கச்சி தாயாரோடு பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் அந்த ஊமைப் பெண்ணின் கதை எமக்கு விளங்கிற்று. பெல்ஜியத்து அரங்கிலே அவள் கதையில் வந்த ஊமை. எமது மேடையிலே நாம் ஊமையாக்கிய பெண்.

ஆடவர் பெண் வேடம் கட்டுவதை நாம் இழித்துரைக்கவில்லை. எம் மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே திரௌபதையாகச் சேலையுடுத்து வட்டக்களரிக்கு வரும் அண்ணன்மாரின் ஆட்டம் ஒப்பற்ற கலை. அண்ணாவியார் காத்துத் தந்த செல்வம் அது. அது என்றும் வாழ வேண்டும். ஆனால் பாட வல்ல பெண் இருக்க, அவளை இருத்திவிட்டு ஆடவனை எழுப்புவது கலையைக் காப்பது ஆகாது. இது எமது ஊருக்கு மாத்திரம் உரிய குறையும் அன்று. உரோமாபுரியிலே நெடுங்காலம் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. அங்கும் ஆடவரே பெண் வேடத்திலே பாடினர். அத்தடை நீங்கியது. ஒப்பரா அழிந்துவிடவில்லை.

பெரியோர்களே, உங்கள் அச்சத்தையும் நாம் உணராமல் இல்லை. அது வெறும் அச்சமன்று. சுந்தராம்பாளின் வாழ்வே அதற்குச் சான்று. மேடை அவருக்குப் புகழ் தந்தது. அதே மேடையுலகம் அவரைக் கண்ணீரும் சிந்தச் செய்தது. பாடும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. பெற்ற பிள்ளையை அந்தப் பேச்சிலிருந்து காக்க நினைப்பது தாய் தந்தையரின் கடமை. ஆனால் தீங்கு வந்தது பாட்டினால் அன்று. பாடியவளுக்குப் பாதுகாப்பாக நில்லாத சூழலினால். ஆகவே பாட்டைத் தடுப்பதை விட்டுச் சூழலைத் திருத்துவோம். ஒத்திகை பகலிலே நடக்கட்டும். கோயில் மண்டபத்திலே, தாய்மார் முன்னிலையில் நடக்கட்டும். சபையிலே எவனாவது தகாத வார்த்தை சொன்னால் அவனை எழுப்பி அனுப்பும் பொறுப்பை இளைஞராகிய நாம் ஏற்கின்றோம். பெண்ணை வீட்டில் இருத்துவதைவிட அந்த ஒருவனை வீட்டுக்கு அனுப்புவது நேர்மையல்லவா?

இந்த மண்ணின் பெருமகன் சுவாமி விபுலானந்தரை எண்ணிப் பாருங்கள். காரைதீவிலே 1892இல் பிறந்து, மிசனரிப் பாடசாலைகளிலே கல்வி கற்று, விஞ்ஞானமும் ஆங்கிலமும் தேர்ந்த அவர், வழக்கொழிந்த யாழை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து யாழ் நூலை 1947இல் உலகுக்குத் தந்தார். எவரும் மீட்டாத யாழுக்காகத் தம் வாழ்நாளிலே பெரும்பகுதியைக் கொடுத்தவர் பிறந்த நாடு இது. எமது அயல்வீட்டிலே உயிரோடு இருக்கும் ஒரு யாழை நாம் உறையிலிட்டு மூடி வைக்கலாமா?

அடுத்த ஆண்டு விழாவிலே வள்ளி திருமணம் மீண்டும் மேடையேற வேண்டும் என்று சங்கத் தலைவர் அவர்களையும் செயற்குழுவினரையும் வேண்டிக்கொள்கின்றோம். வள்ளியாக எமது தங்கச்சிமாருள் பாட வல்லவர் பாடட்டும். நாம் பெயரை வெட்டிய அந்தத் தங்கச்சி மீண்டும் வர இசைவாளோ என்பது தெரியாது. இசையாவிட்டால் அது அவள் குற்றமன்று. ஆனால் அவள் வீட்டுக்குச் சென்று, தாயார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டு, மீண்டும் அழைப்பதாக நாம் முடிவு செய்திருக்கின்றோம். பெரியோர்களுள் ஒருவர் எம்மோடு கூட வந்தால் அந்த அழைப்புக்கு மதிப்பு உண்டாகும். யார் வருவீர்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்பது முறையன்று. விழா முடிந்தபின் கோயில் வாசலிலே காத்திருப்போம்.